48 நாள் முடிந்தவருக்கு 49-ஆவது நாள் ஏன் முடியவில்லை?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் 43 வயது சகோதரர் ஒருவர் கேட்டிருந்தார்: "16 வயதில் தொடங்கிய சிகரெட். நாளைக்கு ஒரு பெட்டி. ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசத்திற்கு 48 நாள் விரதம் இருந்து ஈப்போ கல்லுமலையில் காவடி எடுக்கிறேன். அந்த 48 நாளும் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடுவதில்லை; பெரிய சிரமமும் தெரிவதில்லை. இடும்பன் பூஜை முடிந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே பற்ற வைத்துவிடுகிறேன். மற்ற மாதங்களில் விட முயன்றால் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. எனக்கு மன உறுதி இல்லையா, அல்லது என் பக்தி பொய்யா?"

தம்பி, சிகரெட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கி, கடைசி வரியில் உங்களைப் பற்றியே கேட்டுவிட்டீர்கள். அந்த வரிக்குத்தான் முதல் பதில். பக்தியை அளக்க நான் யாரும் இல்லை. அது உங்களுக்கும் முருகனுக்கும் இடையில் உள்ளது. மன உறுதியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஏழு வாரம் ஒருவேளை உணவோடு செம்பனைக் குலை வெட்டி, புகையைத் தொடாமல் இருந்து, வெறுங்காலோடு காவடி சுமப்பவரை மன உறுதி இல்லாதவர் என்று எந்தத் தாதியும் எழுதி வைக்க மாட்டாள். உங்களிடம் இருக்கும் உறுதியை நீங்கள் செலவிடுகிற இடமும் நேரமும்தான் பிசகியிருக்கின்றன. அது எப்படி என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேராக் மாநிலத்து அரசு கிளினிக்குகளில் 29 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி 11 ஆண்டுகளில், புகைப்பதை நிறுத்த வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலையில் பெரும்பகுதி. தோட்டத்து ஆண்கள் "மிஸ்ஸி" என்று மெதுவாக அழைத்து, திருடிப் பிடிபட்டவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார்கள். உங்கள் கேள்வியை, அதே 48 நாள் கணக்கோடு, பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மலாய் சகோதரர்கள் இதையே நோன்பு மாதத்தை வைத்துக் கேட்பார்கள். என் கணவரும் பல ஆண்டுகள் புகைத்தவர். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி படித்தது, பாதி கண்ணால் பார்த்தது. எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

ஐயத்திற்கு இடமில்லாததிலிருந்து தொடங்குகிறேன். உங்களைக் கட்டிப் போட்டிருப்பது நிக்கோட்டின். உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் அதனோடு வருகிற புகை: எரியும் இலையிலிருந்து எழும் தார், கார்பன் மோனாக்சைடு என்று 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்கள். அவற்றில் குறைந்தது 69 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. ஓர் இழுப்பு நுரையீரலுக்குள் இறங்கிய 10 முதல் 20 நொடிக்குள் நிக்கோட்டின் மூளையைத் தொட்டுவிடுகிறது. அங்கே வேறொரு பொருளுக்காக உடம்பே வைத்திருக்கும் வாசல்களில் நுழைந்து, டோபமின் என்ற சுரப்பைத் தூண்டுகிறது. இன்பத்தைக் கொடுப்பதோடு டோபமினின் வேலை முடிவதில்லை. "இது முக்கியம், எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று நினைவில் வை, மறுபடி செய்" என்று மூளையில் குறித்து வைப்பதும் அதன் வேலைதான். ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 10 இழுப்பு என்று வைத்தால் நாளைக்கு 200. 27 ஆண்டுகளில் ஏறக்குறைய 20 இலட்சம் இழுப்பு. அத்தனை தடவை உங்கள் மூளை இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. நீங்கள் உண்ட சோற்றுக் கவளங்கள்கூட அத்தனை இருக்குமா என்பது சந்தேகம். இது போதை என்று சிகரெட் நிறுவனங்களுக்கு முன்பே தெரியும். 1963-லேயே ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சட்ட ஆலோசகர், நாம் விற்பது அடிமைப்படுத்தும் மருந்தான நிக்கோட்டினைத்தான் என்று உள்கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஏழு நிறுவனத் தலைவர்கள் சத்தியம் செய்துவிட்டு, நிக்கோட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்றார்கள். 16 வயதுப் பையனாக நீங்கள் முதல் சிகரெட்டை வாங்கியபோது, உங்களுக்கு எதிரில் எவ்வளவு தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு உங்களை எடை போடுங்கள்.

தொடர்ந்து புகைக்கிறவரின் மூளையில் அந்த வாசல்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. நிக்கோட்டின் இரத்தத்தில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். வாசல்கள் காலியாகக் காலியாக எரிச்சல், படபடப்பு, மனச்சோர்வு, எதிலும் கவனம் நிற்காமை, தூக்கக் கேடு, பசி எல்லாம் கிளம்பும். இரவு முழுவதும் புகையாமல் தூங்கி எழும்போது ஏறக்குறைய எல்லா வாசல்களும் காலி. அதனால்தான் விடியற்காலையில், பெரட்டுக்கு (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதற்கு) நிற்கும் முன் பின்கட்டில் பற்ற வைக்கிற அந்த முதல் சிகரெட்டுக்கு அவ்வளவு ருசி. கிளினிக்கில் நாங்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்: கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஐந்து நிமிடத்திற்குள் என்றால் பிடி மிக வலுவானது. அரை மணிக்குள் என்றாலும் வலுவானதுதான்.

இந்த உடல் உபாதை, புகையை விட்ட இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்திற்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். மூளையைப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வுகள், கூடிப்போன வாசல்கள் 6 முதல் 12 வாரத்தில் புகைக்காதவரின் அளவுக்குத் திரும்புகின்றன என்று காட்டுகின்றன. இப்போது உங்கள் கணக்கை எடுத்துக்கொள்வோம். மற்ற மாதங்களில் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை என்கிறீர்கள். இருப்பதிலேயே கொடிய நேரம்வரை போய்விட்டு, அது இறங்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பிவிடுகிறீர்கள். விரதத்திலோ 48 நாள், அதாவது ஏழு வாரத்திற்கு ஒரு நாள் குறைவு. கல்லுமலை அடிவாரத்தில் காவடியைத் தோளில் ஏற்றும்போது, உடம்பைப் பொறுத்தவரை நீங்கள் பெரும்பாலும் விடுபட்டவர்.

அந்த 48 நாளில் பெரிய சிரமம் தெரிவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிரமம் இருந்திருக்கும் தம்பி. தலைவலி வந்திருக்கும், ஒருவேளைச் சாப்பாட்டால் என்று நினைத்திருப்பீர்கள். தூக்கம் கெட்டிருக்கும், தரையில் படுத்ததால் என்று நினைத்திருப்பீர்கள். விரதத்தின் முதல் வாரத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று மனைவியைக் கேட்டுப் பாருங்கள். அதே உபாதைதான். விரதத்தில் அதற்கு ஒரு காரணமும் ஒரு மதிப்பும் இருக்கின்றன. சாதாரண மாதத்தில் வெறும் வேதனையாக நிற்கிறது.

அப்படியானால் மாலையைக் கழற்றிய அன்று கை எப்படிப் போகிறது? மூளை குறித்து வைத்ததாகச் சொன்னேனே, அந்தக் குறிப்புகள் அழிவதில்லை. உங்கள் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். இருட்டோடு எழுந்து குடிக்கும் கோப்பி. பெரட்டு கலைந்து வேலைக்காட்டுக்குப் போகும் வழி. நாலைந்து நிரை வெட்டி முடித்து, அரிவாள் கட்டிய கோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்காரும் அந்தக் கொஞ்ச நேரம். லாரிக்காகக் காத்திருப்பது. சாப்பிட்டுக் கை கழுவியதும். வேலையை மேற்பார்க்கும் தண்டலோடு வாக்குவாதம். சம்பள நாள். துக்க வீட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரும் இரவு. முனியாண்டிக்குப் படையலில் வைக்கும் சுருட்டின் வாசனை. இவை ஒவ்வொன்றும் ஒரு மணி அடிக்கிறது. ரப்பர் காலத்துப் பெரியவர்களிடம் ஏன் பீடி குடிக்கிறீர்கள் என்று கேட்டால், பால் மரத்தடியில் கொசு அண்டாமல் இருக்க என்பார்கள். கொசு போனதோ இல்லையோ, பால் வெட்டுக்கும் புகைக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நீங்களும் நானும். உடம்பு மறந்த பிறகும் இந்த முடிச்சுகள் இருக்கும். ஒவ்வொரு முடிச்சாக, அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே, புகையாமல் இருந்து இருந்துதான் அவிழ்க்க முடியும்.

விரதத்தில் நீங்கள் அவற்றை அவிழ்ப்பதில்லை. அந்தப் பக்கமே போவதில்லை. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில்) உட்காருவதில்லை, குடிப்பவர்களோடு சேருவதில்லை, மாலை நேரம் கோவிலில் கழிகிறது. உங்கள் மாலையைப் பார்த்தவுடன் எதிரில் வருபவர் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். அதைவிட முக்கியமான ஒன்று: "இப்போது ஒன்று பற்ற வைக்கலாமா?" என்ற கேள்வியே அந்த 48 நாளும் எழுவதில்லை. பதில் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது, நீங்களே நினைத்தாலும் மாற்ற முடியாது. மற்ற மாதங்களில் அதே கேள்வி நாளைக்கு 20 தடவை எழுகிறது. 20 தடவையும் நீங்கள் வெல்ல வேண்டும். சிகரெட் ஒரு தடவை வென்றால் போதும்.

இதை நானாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. இஸ்ரேலில் ரூவென் டார் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை இரண்டு விதமாகச் சோதித்திருக்கிறார்கள். மத நெறியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் யூதர்கள் வெள்ளி மாலையிலிருந்து சனி இரவுவரை நெருப்பு மூட்டக் கூடாது. கடுமையாகப் புகைக்கிறவர்களும் அந்த நேரத்தில் தொட மாட்டார்கள். 2005-இல் வெளியான ஆய்வில், அவர்களை ஒரு வேலை நாளிலும் புகையாமல் இருக்கச் சொன்னார்கள். வேலை நாளில் ஏக்கமும் எரிச்சலும் தாங்க முடியாமல் இருந்தன. ஓய்வு நாளில் ஏக்கம் வெகு குறைவு. ஆள் அதே ஆள்தான், இரண்டு நாளும் அவர் புகையைத் தொடவில்லை. 2010-இல் விமானப் பணியாளர்களை வைத்து இன்னோர் ஆய்வு. மூன்று முதல் ஐந்தரை மணி நேரக் குறும்பயணம் ஒன்று, பத்து மணிக்கு மேற்பட்ட நெடும்பயணம் ஒன்று. குறும்பயணம் முடியும் நேரத்தில் ஏக்கம் உச்சத்தில் இருந்தது. நெடும்பயணத்தில் அதே அளவு மணி நேரம் கடந்தபோது அவ்வளவு இல்லை; இறங்கும் நேரம் நெருங்கியபோதுதான் ஏறியது. கடைசிச் சிகரெட் பிடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைவிட, அடுத்த சிகரெட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே ஏக்கத்தை நடத்தியது. இவை சிறிய ஆய்வுகள், அதை ஒப்புக்கொள்கிறேன். நிக்கோட்டின் உடம்பில் செய்கிற வேலையை இவை பொய்யாக்கவும் இல்லை. தைப்பூச விரதத்திற்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்பது என் அனுபவத்தின் முடிவு, ஆய்வின் முடிவு இல்லை. ஆனால் பொருந்துகிறதா என்று நீங்களே சொல்லுங்கள்: 30-ஆவது நாளில் நினைவுக்கு வராத சிகரெட், 46-ஆவது நாளில் நினைவுக்கு வருகிறதா இல்லையா?

உங்கள் விரதத்தில் நான் பார்க்கும் ஒரே குறை இதுதான். நீங்கள் புகையை விடவில்லை. 48 நாள் தள்ளி வைத்தீர்கள். விமானம் தரை இறங்கும் நேரம் முதல் நாளே குறிக்கப்பட்டுவிட்டது. அதனால் மாலையைக் கழற்றும்போது கூடவே அந்த அனுமதியும் வந்துவிடுகிறது, பெரும்பாலும் காவடிக் குழு நண்பர் ஒருவரின் நீட்டிய கையிலிருந்து. அந்த முதல் இழுப்பு மூளையில் 20 இலட்சம் இழுப்பின் பழைய குறிப்பேட்டைத் திறந்துவிடுகிறது. ஒன்றே ஒன்று என்று பற்ற வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய எண்ணிக்கைக்குத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். உலகமெங்கும் நடந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

என் வீட்டிலேயே பார்த்தேன். என் கணவர் லாரி ஓட்டுநர். முதல் தடவை அவர் விட முயன்ற நான்காம் நாள் பிள்ளைகளிடம் கத்தினார், தட்டைத் தள்ளிவிட்டார். தாங்க முடியாமல் நானே பணத்தைக் கையில் கொடுத்து, போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். தாதியாக இருந்த நான் செய்தது அது. இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் அடங்கியிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னர் நிறுத்தினார், ஐந்து ஆண்டுகள் தொடவில்லை. அவருடைய அண்ணன் இறந்த இரவு, வாசலில் யாரோ ஒருவர் ஆறுதலாகத் தோளில் கை வைத்து ஒரு சிகரெட்டை நீட்டினார். மூன்று வாரத்தில் மறுபடி ஒரு பெட்டி. ஐந்து ஆண்டு கழிந்தும் அந்த முடிச்சு அங்கேயே இருந்திருக்கிறது, ஏனென்றால் அந்த ஐந்து ஆண்டில் அவர் ஒரு துக்க வீட்டையும் அவ்வளவு நெருக்கத்தில் சந்திக்கவில்லை. அதன் பிறகு விட்டவர்தான், இன்றுவரை தொடவில்லை.

கவலையைத் தணிக்கத்தானே பிடிக்கிறேன் என்று பலர் சொல்வார்கள்; அவரும் சொன்னார். அந்தத் தணிப்பு பொய்யில்லை. ஆனால் அது தணிக்கும் படபடப்பில் பெரும்பகுதியை முந்தைய சிகரெட்தான் உண்டாக்கியது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஒரு பெரிய மதிப்பீடு, விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் விடாதவர்களைவிடக் குறைந்ததாகக் காட்டியது. முதல் சில வாரத்தைக் கடந்த பிறகு என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

கிளினிக்கில்கூட எல்லாரும் சொல்லாத ஒரு விஷயம், கோப்பி. சிகரெட் புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கி, கோப்பியின் கஃபீனை விரைவாக வெளியேற்ற வைக்கின்றன. புகையை நிறுத்திய சில நாட்களில் அந்த முடுக்கம் போய்விடும். வழக்கம்போல நாலு கோப்பி ஓ (பாலில்லாத கோப்பி) குடித்தால் இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது. "சிகரெட் இல்லாமல் என் உடம்பு தாங்காது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கோப்பி செய்த வேலை அது. விடுகிற நாளிலிருந்து கோப்பியைப் பாதியாக்குங்கள். ஆஸ்துமா இழுப்புக்கு தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்து அவரும் புகையை விடுவதாக இருந்தால், அதே காரணத்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடும். மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி மருந்து. எந்த உதவியும் இல்லாமல் தானாக விட முயலும் 100 பேரில் ஓர் ஆண்டு கழித்தும் புகையாமல் இருப்பவர் மூன்று முதல் ஐந்து பேர்தான். உங்களைச் சோர்வடையச் செய்ய இதைச் சொல்லவில்லை. தோற்ற மற்ற 95 பேரும் கோழைகளாக இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ மெல்லும் சூயிங்கமோ இந்த வாய்ப்பை ஒன்றரை மடங்காக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது: பட்டை நாள் முழுவதும் அடிநிலையைத் தாங்கும், சூயிங்கம் திடீரென்று எழும் ஏக்கத்தைப் பிடிக்கும். வரெனிக்ளின் என்ற மாத்திரை வாய்ப்பை இரண்டு மடங்குக்கும் மேலாக்குகிறது. கூடவே ஒருவர் தொடர்ந்து பேசி வந்தால் பலன் கூடுகிறது. இவை நன்றாக நிறுவப்பட்டவை. நிக்கோட்டினை விடுவதற்கு நிக்கோட்டினையே கொடுப்பதா என்று கேட்பீர்கள். பட்டையிலிருந்து அது மெதுவாக ஊறுகிறது. பத்து நொடியில் மூளையை அறைவதில்லை, தாரும் புகையும் இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் படிப்படியாக நிறுத்திவிடலாம்.

சூயிங்கத்தைத் தவறாக மென்று, பயனில்லை என்று தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை மிட்டாய் போல மெல்லக் கூடாது. மெதுவாகக் கடித்து, நாக்கில் காரம் போலச் சுள்ளென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி கடியுங்கள். விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து கோப்பியோ புளிப்பான பானமோ குடித்தால் மருந்து வாயில் ஊறாது. எந்த மருந்து, எந்த அளவு என்று உங்களைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். இரத்த அழுத்தம், அண்மையில் வந்த மாரடைப்பு, வலிப்பு, வேறு மருந்துகள் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. ஒரேயடியாக விடுவதா, படிப்படியாகவா? தேதி குறித்து ஒரேயடியாக விட்டவர்கள் சற்று முன்னே நின்ற ஆய்வு ஒன்று உண்டு. மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. உங்கள் சுபாவத்துக்கு, விரதம் போல ஒரேயடியாக விடுவதே பொருந்தும் என்பது என் ஊகம். ஆனால் குறைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். நாளைக்கு ஒன்று பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு ஏறும் இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது என்று 2018-இல் வெளியான தொகுப்பு ஆய்வு காட்டுகிறது. வேப் என்கிற மின்சிகரெட் பற்றியும் கேட்பார்கள். சிகரெட்டை விடுவதற்கு அது சிலருக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 20, 30 ஆண்டுகளில் நுரையீரலை என்ன செய்யும் என்பதற்கு விடை சொல்லும் அளவுக்கு அது இன்னும் பழையதாகவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் சிகரெட்டையே தொடாமல் நேராக வேப்பில் தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நம் அம்மாக்கள் வெற்றிலையோடு வாயில் அடக்கிய புகையிலையும் இதே நிக்கோட்டின்தான். அந்தப் பெண்களிடம் யாரும் வந்து விடுங்கள் என்று உட்கார்ந்து பேசவில்லை.

பணக் கணக்கை நீங்களே போடுவீர்கள். பெட்டி 17 ரிங்கிட் என்று வைத்தாலும் மாதம் 510. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் பத்தில் மூன்று பங்கு. கடத்தல் சிகரெட் மலிவு என்று மாறியவர்களுக்குப் பணம் மிஞ்சலாம், நுரையீரல் மிஞ்சாது. 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. மேசையிலிருந்து எழுந்து வெளியே போக வேண்டியிருப்பது ஒரு முடிச்சையாவது தளர்த்துகிறது.

உங்கள் வயதைப் பற்றியும் ஒன்று. பிரிட்டனில் ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, ரிச்சர்ட் டாலும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட கணக்கு இது: புகையை விடாதவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 40 வயதளவில் விட்டவர்கள் அதில் ஒன்பது ஆண்டைத் திரும்பப் பெற்றார்கள். 50-இல் விட்டவர்கள் ஆறு, 60-இல் விட்டவர்கள் மூன்று. உங்களுக்கு 43.

நான் உங்கள் கிளினிக்கில் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். அடுத்த தைப்பூசம்வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இந்த மாதமே ஒரு நாள் குறித்து, மருந்தோடு முதல் நாலு வாரத்தைக் கடக்க முயலலாம். விரதத்தில்தான் முடியும் என்று உங்கள் மனம் சொன்னால் அதையும் மதிப்பேன்; ஆனால் இரண்டு முடிவுகளாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன். விரதத்திற்கு ஒரு தேதி உண்டு. புகைக்குத் தேதி கிடையாது. மாலை போடும் நாளிலேயே, மாலையைக் கழற்றினாலும் இது திரும்ப வராது என்று முருகனிடமும், காவடிக் குழு நண்பர்களிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சிகரெட்டை நீட்டப்போகும் கைகள் அங்கேதான் இருக்கின்றன. விரத நாட்களிலேயே, 35-ஆவது நாள் வாக்கில், நீங்கள் தவிர்த்து வந்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் வாருங்கள். மாலை கழுத்தில் இருக்கும் தைரியத்தில் அந்த மாமாக் கடையில் ஒரு தேநீர் குடியுங்கள், நிரை முடித்து உட்காரும் இடத்தில் புகையாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள். ஏக்கம் எழுந்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்திற்குள் ஓய்ந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மாலையைக் கழற்றும் அன்று மாலைக்கும் அதற்கடுத்த இரண்டு வாரத்திற்கும் பட்டையோ சூயிங்கமோ வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். புகைப்பதை நிறுத்த வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். சுகாதார அமைச்சின் புகை நிறுத்தச் சேவையின் கீழ் தொடர்ந்து பார்ப்பார்கள். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை விரதம் இருந்தீர்கள், ஒவ்வொரு முறையும் விரதம் முடிந்த பிறகு முதல் சிகரெட்டை எங்கே, எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து வாங்கினீர்கள். இரத்தப் பரிசோதனையைவிட அந்தத் தாள் உங்கள் தாதிக்கு அதிகம் சொல்லும். முடிந்தால் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். நான்காம் நாள் நீங்கள் கத்துவீர்கள் என்பதையும், அப்போது கையில் பணத்தைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பக் கூடாது என்பதையும் அவர் முன்பே கேட்டிருக்க வேண்டும்.